மூன்றாம் பிறை கடைசிக் காட்சி: அவள் ஏன் அடையாளம் காணவில்லை?

#1 தேயிலைத்தூள் (குன்னூர்)

எங்கள் ஊர் நூலக மாடியில் சிலர் சேர்ந்து மாதம் ஒரு பழைய படம் போட்டுப் பார்க்கிறோம். இந்த முறை மூன்றாம் பிறை. படம் முடிந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கம், "கடைசிப் பத்து நிமிடம் சுத்த அழுகாச்சி, கண்ணீரைப் பிழிந்து எடுக்கிறார்கள்" என்றார்கள். இன்னொரு பக்கம் பேசவே இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுக்குக் காப்பி குடித்தார்கள்.

1982-இல் வந்த படம். விபத்தில் நினைவிழந்து குழந்தை மனதோடு இருக்கும் பெண்ணை (ஸ்ரீதேவி) சீனு (கமல்) மீட்டு, விஜி என்ற பெயரில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். குணமானதும் அவள் அவனை மறந்து, கேத்தி ஸ்டேஷனில் ரயிலேறிப் போய்விடுகிறாள். கதை, இயக்கம், ஒளிப்பதிவு எல்லாம் பாலு மகேந்திரா. ஒளிப்பதிவுக்கு அவருக்கும் நடிப்புக்குக் கமலுக்கும் தேசிய விருது கிடைத்தது. ஆனால் விருது வாங்கியது என்பது என் கேள்விக்குப் பதில் ஆகாது. அந்த ரயில் நிலையக் காட்சி நன்றாகக் கட்டப்பட்ட காட்சியா, அல்லது சோகம் என்பதால் நாம் அழுகிறோமா? ஏன் அழுகிறோம் என்று யாராவது பிரித்துச் சொல்ல முடியுமா? "கமல் நடிப்பு சூப்பர்" என்று மட்டும் எழுத வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்.

#2 கேத்தி_பையன்

அண்ணா, எங்கள் ஊர் ஸ்டேஷன் ஆச்சே, நான் எழுதாமல் இருப்பேனா. வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அது நம்ம மலை ரயில். ஏற்றத்தில் வண்டி வழுக்காமல் ஏற உதவும் பல்சக்கரம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். அதற்கு மேலே வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டி வரை சாதாரணத் தண்டவாளம். அங்கேயும் வண்டி பறக்காது. கிளம்பினால் மெதுவாக நகர்ந்து, யோசித்து யோசித்துத்தான் வேகம் எடுக்கும். கூடவே ஓடலாம்.

அதனால்தான் சீனுவுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஓடுகிறான், கத்துகிறான், கம்பத்தில் முட்டிக்கொள்கிறான், எழுந்து மறுபடி ஓடுகிறான், பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு குட்டிக்கரணம் அடிக்கிறான். இதையே சென்னை சென்ட்ரலில் எடுத்திருந்தால் பத்து நொடியில் வண்டி போயே போயிருக்கும். அவனுக்கு வாய்ப்பு மேல் வாய்ப்பு கொடுத்து, ஒவ்வொன்றும் பலிக்காமல் போவதைக் காட்ட மெதுவான ரயில் வேண்டும். இயக்குநர் அழகுக்காக மட்டும் கேத்தியைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் நம்பவில்லை.

#3 ஒளிக்காரன் (ஊட்டி)

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான், என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நம் ஊரில் வானம் மூடிவிட்டால் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி வரும். நிழலே விழாது. வெயிலில் எடுத்தால் முகத்தின் ஒரு பாதி இருட்டுக்குள் போய்விடும், நடிகர் அதில் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம். மூட்டத்தில் ஒளிய இடமில்லை, கன்னம் துடிப்பதுகூடத் தெரியும்.

பாலு மகேந்திரா இயற்கை வெளிச்சத்தை நம்பிய ஆள். விஜியும் சீனுவும் சந்தோஷமாகத் திரியும் காட்சிகளில் இதே மலை வெளிச்சம் இதமாக இருக்கிறது. கடைசியில் சேறு, ஈரம், சாம்பல் நிறம். அழுகாச்சிப் படம் எடுப்பவர் இந்த இடத்தில் முகத்துக்கு ஒரு விளக்கைத் தூக்கிப் போட்டுக் கண்ணீரை மின்ன வைப்பார். இவர் அதைச் செய்யவில்லை. "பிழிந்து எடுக்கிறார்கள்" என்பதை என்னால் ஏற்க முடியாது.

#4 நர்ஸ்_அக்கா

நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபப்படாதீர்கள். தலையில் அடிபட்டவர்களை வார்டில் பார்த்தவள் நான். விபத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தது மறக்கும், சிலருக்குப் புதிதாக எதுவும் மனதில் பதியாது. ஆனால் வளர்ந்த பெண் முழுக்கக் குழந்தையாகிவிடுவதும், குணமானதும் பழையது எல்லாம் வந்து நடுவில் வாழ்ந்தது மட்டும் ஸ்லேட்டை அழித்த மாதிரிப் போய்விடுவதும் சினிமாவில் மட்டும் வரும் வியாதி. அடித்தளமே இப்படி இருக்கும்போது அதன் மேல் கட்டிய கடைசிக் காட்சிக்கு எவ்வளவு மதிப்பு?

#5 ஓய்வுத்தமிழ் (கோத்தகிரி)

நர்ஸ் அம்மா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அது வியாதி இல்லை, சாபம். அப்படிப் பார்த்தால் எல்லாம் சரியாக உட்காரும்.

காளிதாசனின் சாகுந்தலத்தை நினைத்துப் பாருங்கள். தமிழில் மறைமலை அடிகள் மொழிபெயர்த்திருக்கிறார். எம். எஸ். சுப்புலட்சுமி நடித்து 1940-இல் படமாகவும் வந்தது, எங்கள் அம்மா தலைமுறைக்குக் கதை தலைகீழ்ப் பாடம். துஷ்யந்தன் காட்டில் சகுந்தலையை மணக்கிறான், மோதிரம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறான். அவன் நினைவிலேயே இருந்தவள், வாசலில் வந்து நின்ற துர்வாசரைக் கவனிக்கவில்லை. "யாரை நினைத்து என்னை மறந்தாயோ அவன் உன்னை மறப்பான்" என்று சாபம். தோழி கெஞ்சியதால் ஒரு சலுகை: அடையாளப் பொருளைக் காட்டினால் சாபம் தீரும்.

மகாபாரதத்தில் இருக்கும் மூலக் கதையில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே அரசனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, சபையில் தெரியாதவன் போல நடிக்கிறான், பிறகு அசரீரி சொன்ன பின் ஏற்றுக்கொள்கிறான். அந்த அரசன் கயவன். காளிதாசன் சாபத்தைக் கொண்டுவந்து அவனைக் குற்றத்திலிருந்து விடுவித்தான். பாலு மகேந்திராவின் மறதியும் அதே வேலையைத்தான் செய்கிறது. சீனுவைப் பார்த்து முகத்தைத் திருப்பும் அந்தப் பெண்ணை நம்மால் திட்ட முடியாது. பெற்றவர்கள் மீதும் குறை சொல்ல முடியாது. குணப்படுத்திய வைத்தியரைச் சீனுவே தேடிப் போனான். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாத துயரம் அது. மருத்துவக் கணக்கு தப்பு என்பது நாடகத்தில் பெரிய குறை இல்லை. துர்வாசர் சாபமும் மருத்துவப் புத்தகத்தில் கிடையாது.

இப்போது ஐந்தாம் அங்கத்துக்கு வாருங்கள். சபையில் சகுந்தலை மோதிரத்தைக் காட்டப் போகிறாள், விரலில் இல்லை. வழியில் தீர்த்தத்தில் வணங்கும்போது நீரில் நழுவிவிட்டது. அடையாளப் பொருள் போனதும் அவள் என்ன செய்கிறாள்? தங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சின்ன விளையாட்டைச் சொல்கிறாள். தாமரை இலைத் தொன்னையில் அரசன் நீர் வைத்துக்கொண்டு மான்குட்டியைக் கூப்பிட்டான், அது வரவில்லை. அதே நீரை அவள் வாங்கி நீட்டியதும் வந்து குடித்தது. "நீங்கள் இருவருமே காட்டுவாசிகள், இனம் இனத்தை நம்புகிறது" என்று அவன் கேலி செய்தான். இதைச் சொன்னால் நினைவு வரும் என்று நம்பிச் சொல்கிறாள். அரசன், பெண்கள் இப்படித்தான் இனிக்கப் பேசி மயக்குவார்கள் என்று ஏளனம் செய்கிறான்.

சீனு கேத்தி ஸ்டேஷனில் செய்வது இதுதான். அவனிடம் மோதிரம் இல்லை, போட்டோ இல்லை, சாட்சி இல்லை. இரண்டு பேர் மட்டும் விளையாடிய குரங்காட்டி விளையாட்டுதான் இருக்கிறது. அதை எடுத்து நீட்டுகிறான். அவளுக்கு அது பைத்தியம் ஒன்று பிச்சை கேட்பதாகப் படுகிறது.

ஆகவே தேயிலைத்தூள் தம்பிக்கு என் பதில்: வெறும் சோகமாக இருந்தால் "ரயில் போய்விட்டது, அவன் பிந்திவிட்டான்" என்று முடித்திருக்கலாம், அதற்கும் நாம் அழுதிருப்போம். இங்கே அவன் நேரத்துக்கு வந்துவிடுகிறான், அவள் கண் முன்னாலேயே நிற்கிறான், அவர்களுடைய விளையாட்டையே ஆடியும் காட்டுகிறான். அது பலிக்கவில்லை என்பதில்தான் காட்சியின் கட்டுமானம் இருக்கிறது.

#6 கேத்தி_பையன்

டீச்சர், நான் கல்லூரியில் சாகுந்தலம் தேர்வுக்குப் படித்து இரண்டு மார்க் வாங்கினேன். இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் பத்து வாங்கியிருப்பேன்.

#7 கொடை_குளிர் (கொடைக்கானல்)

பழனி மலைக்காரன் நான், நீலகிரி இழைக்குள் நுழைகிறேன், மன்னிக்கவும். டீச்சர் சொன்னதை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாமா? அசோகவனத்தில் சீதைக்கு அனுமன் கணையாழியைக் காட்டுகிறான். அவள் சூடாமணி கொடுக்கிறாள், காகம் கொத்திய கதையையும் அடையாளமாகச் சொல்லி அனுப்புகிறாள். அடையாளம் கொண்டுவருவது ஒரு குரங்கு. சீனு கடைசியில் ஆடுவதும் குரங்காட்டம், "ஆடரா ராமா" என்ற அந்தப் பாட்டிலும் ராமன் வருகிறான். சீனுதான் தோற்றுப்போன அனுமன் என்று படித்தால் எப்படி?

இரண்டாவது, எங்கள் ஊர்ப் படம் குணா, 1991. அதே கமல், இன்னொரு மலை. எல்லாரும் அதை எடுத்த குகையைத்தான் பேசுகிறார்கள், அந்தக் குகையை வைத்து மஞ்ஞும்மல் பாய்ஸ் படம் வந்த பிறகு இங்கே வண்டி நிறுத்த இடமில்லை. படத்தைப் பேசுவோம். மூன்றாம் பிறையில் உண்மையிலேயே கூட வாழ்ந்தவனை அவளுக்குத் தெரியவில்லை. குணாவில் நேர் எதிர். முன்பின் தெரியாத ரோகிணியைப் பார்த்து, இவள்தான் தன் மனதில் இருக்கும் அபிராமி என்று குணா அடையாளம் காண்கிறான். சுத்தத் தப்பான அடையாளம். ஆனால் குகைக்குள் இருக்க இருக்க அவளே அந்தப் பெயரை ஏற்றுக்கொள்கிறாள். அமாவாசையன்று பௌர்ணமி என்று சொன்ன அபிராமி பட்டர் கதை அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. பட்டர் சொன்னது தப்பு, ஆனால் நிலா வந்தது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள் என்பது என் கோரிக்கை.

#8 ஓய்வுத்தமிழ்

கொடை தம்பி, குணா பற்றிச் சொன்னது அருமை, எனக்குத் தோன்றவே இல்லை. அனுமன் விஷயத்தில் நான் உங்களோடு வரமாட்டேன். "ஆடரா ராமா" குரங்காட்டி தெருவில் பாடுவது, நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்தது. சீனு குழந்தை மனசுக்காரிக்கு வேடிக்கை காட்ட அதை எடுத்தான். அதற்கு மேல் அனுமனை ஏற்ற, படத்துக்குள் வேறு ஏதாவது ஒரு துணை வேண்டும். ஒரு வசனமோ ஒரு படமோ ஒரு கோயிலோ அந்தப் பக்கம் கை காட்ட வேண்டும். எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

சாகுந்தலத்துக்கு மட்டும் துணை உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். பாலு மகேந்திரா காளிதாசனை மனதில் வைத்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வகைக் காட்சி என்று மட்டும் சொல்கிறேன். ஒருவர் இன்னொருவரை அறிந்துகொள்ளும் காட்சி நாடகத்தில் மிகப் பழையது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் அதை வகை பிரித்தே எழுதியிருக்கிறார். தழும்பு, ஆபரணம் போன்ற பொருளால் அறிவதைக் கலைநயம் குறைந்த வகை என்றார். நம்மிடம் சிலம்பு இருக்கிறது. பாண்டியன் சபையில் கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், முத்துப் பரலுக்குப் பதில் மாணிக்கப் பரல் தெறிக்கிறது, அரசன் அந்த நொடியில் உண்மையை அறிகிறான். அறிந்த அந்த இடத்திலேயே உயிரை விடுகிறான். அரிஸ்டாட்டில் அதைப் பார்த்திருந்தால் அந்தத் தர வரிசையைக் கொஞ்சம் மாற்றியிருப்பார் என்று எனக்கு ஓர் ஆசை.

இப்படிப்பட்ட கதைகளில் ஊறிய பார்வையாளர்கள் நாம். அடையாளம் காட்டினால் பலிக்கும் என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. சீனு பாத்திரத்தைத் தலையில் வைத்ததும் நம்மை அறியாமல் "இதோ இப்போது தெரிந்துவிடும்" என்று நிமிர்கிறோம். பலிக்காதபோது விழும் அடி அதனால்தான் அவ்வளவு பெரிது.

#9 பழைய_டிக்கெட்

படம் பார்த்தோமா, அழுதோமா, வீட்டுக்குப் போனோமா என்றில்லாமல் அரிஸ்டாட்டிலை எல்லாம் ஏன் மலை ஏற்றுகிறீர்கள்? பிறகு, தலைமை ஆசிரியர் மனைவி பாத்திரமும் "பொன்மேனி உருகுதே" பாட்டும் படத்தின் ஓட்டத்துக்காக, வசூலுக்காகச் சேர்த்தது என்பதை யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

#10 தேயிலைத்தூள்

பாட்டு ஓட்டத்துக்காகத்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாத்திரம் அப்படியல்ல. வயதான கணவனோடு மலையில் தனித்துக் கிடக்கும் பெண் அவள். சில்க் ஸ்மிதாவின் கண்ணில் அந்தத் தனிமை தெரிகிறது. படம்தான் அவளை இன்னும் கொஞ்சம் நின்று பார்த்திருக்க வேண்டும். அரிஸ்டாட்டிலை இறக்கிவிட முடியாது, டீச்சர் விடமாட்டார்.

#11 கோத்தகிரி_தேன்

நான் சினிமா ஆள் இல்லை, ஓவியம் பார்ப்பவன். டீச்சர் சொன்ன அடையாளம் என்ற விஷயம் எங்கள் பக்கத்து ஆலுக் குறும்பர் என்ற பழங்குடியினரின் ஓவியத்தை நினைக்க வைத்தது. வேங்கைப் பிசின், இலைச்சாறு, மரப்பட்டை, மண் என்று கையில் கிடைப்பதைக் கொண்டு வரைவார்கள். பழைய பாணியில் மனிதர்களுக்குக் கண், மூக்கு எல்லாம் விரிவாக இருக்காது. சில கோடுகளில் ஓர் உடம்பு, அவ்வளவுதான். ஆனாலும் யார் என்று நமக்குத் தெரிந்துவிடும். பாறையிலிருந்து கொடியில் தொங்குபவன் தேன் எடுப்பவன். வட்டமாகக் கை கோத்தவர்கள் ஆட்டக்காரர்கள். செய்கிற வேலைதான் அவர்களின் முகம்.

கண்காட்சிக்கு வருகிறவர்கள் "ஏன் முகம் சரியாக வரையவில்லை, குழந்தை வரைந்த மாதிரி இருக்கிறதே" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தேடுவது போட்டோவை. ஓவியம் உடம்பு எப்படி வளைகிறது, பாரம் எங்கே விழுகிறது, யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைக் காட்டுகிறது. கேள்வியை மாற்றிக் கேட்டால் படம் பேசத் தொடங்கும்.

இதை உங்கள் காட்சியோடு சேர்த்துப் பாருங்கள். ஓடிவரும் வழியில் விழுந்து சீனுவின் முகம் சேறாகிவிட்டது. முகம் போன பிறகு உடம்பால், ஆட்டத்தால் தன்னைச் சொல்லப் பார்க்கிறான்.

#12 ஒளிக்காரன்

தேன் அண்ணா, நான் வெளிச்சத்தையே பேசிக்கொண்டிருந்தேன், நீங்கள் உடம்புக்கு இழுத்துவிட்டீர்கள். நேற்று ராத்திரி சத்தத்தை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். இசை இல்லாமலும் நிற்கிறது. ஜன்னல் சட்டத்துக்குள் அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், சட்டத்துக்கு வெளியே ஓர் உடம்பு துள்ளுகிறது, விழுகிறது, நொண்டுகிறது. உள்ளே உலர்ந்த துணி, வெளியே சேறு. வசனம் புரியாதவருக்கும் யார் எந்த உலகத்தில் இருக்கிறார் என்பது தெரியும். இயக்குநரே இதே இரண்டு நடிகர்களை வைத்து இந்தியில் சத்மா என்று 1983-இல் மறுபடி எடுத்தார். மொழி மாறியும் அந்தக் காட்சி தாங்கியதற்கு இந்த உடல்மொழிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

#13 தேயிலைத்தூள்

டீச்சர், ஒரு சந்தேகம். அவளுக்குள் ஒரு துளிகூட எஞ்சவில்லையா? "கண்ணே கலைமானே" தாலாட்டை அத்தனை முறை கேட்டவள். கண்ணதாசன் கடைசியாக எழுதிய பாட்டு என்று சொல்வார்கள். அந்த மெட்டு பிளாட்பாரத்தில் எங்காவது ஒலித்திருந்தால் நினைவு திரும்பியிருக்குமா?

#14 ஓய்வுத்தமிழ்

இதே கேள்விக்குக் காளிதாசன் ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு விடை வைத்திருக்கிறான். சகுந்தலை சபைக்கு வருமுன் அந்தப்புரத்தில் ஹம்சபதிகை என்பவள் பாடும் பாட்டு அரசன் காதில் விழுகிறது. பிரிந்தவர் யாரும் இல்லாதபோதும் தன் மனம் ஏன் இப்படித் தவிக்கிறது என்று அவனுக்கே புரியவில்லை. அழகானதைப் பார்த்தாலோ இனியதைக் கேட்டாலோ வரும் இந்த ஏக்கம் போன பிறவி நட்பின் நினைவாக இருக்கலாம் என்று சொல்லிக்கொள்கிறான். போன பிறவி எல்லாம் இல்லை, இந்தப் பிறவிதான், சில மாதங்களுக்கு முன்புதான்! நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. மறதிக்கு அடியிலும் ஏதோ ஓடுகிறது என்று பார்வையாளருக்கு அங்கே ஓர் ஆறுதல் கிடைக்கிறது.

பாலு மகேந்திரா அந்த ஆறுதலைத் தரவில்லை. ஸ்ரீதேவியின் முகத்தில் ஒரு சின்னத் தயக்கமாவது வைத்திருக்கலாம், வைக்கவில்லை. பாட்டை ஒலிக்கவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்க வைத்திருந்தால் நீங்கள் முதலில் சொன்ன அழுகாச்சி அதுவாக ஆகியிருக்கும்.

காளிதாசனுக்கு இன்னும் இரண்டு அங்கங்கள் இருக்கின்றன. மீனவனுக்கு மீன் வயிற்றில் மோதிரம் கிடைக்கிறது, அரசன் உருகுகிறான். ஏழாம் அங்கத்தில் சிங்கக்குட்டியின் பல்லை எண்ணப் பார்க்கும் சிறுவனைக் கண்டு, அவன் வழியாக அவளைக் கண்டு, காலில் விழுகிறான். படம் ஐந்தாம் அங்கத்தோடு நின்றுவிடுகிறது. மோதிரத்தை யாரும் கண்டெடுக்கப் போவதில்லை.

#15 நர்ஸ்_அக்கா

டீச்சர், சாபம் என்று சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், வியாதி வாதத்தை விட்டுவிட்டேன். ஆனால் இத்தனை பதிவில் யாரும் பாக்கியலட்சுமி பக்கம் பேசவில்லை. விஜி என்பது அவள் பெயரே இல்லை. விபத்தில் தன்னைத் தொலைத்தாள், யாரோ அவளைக் கொண்டுபோய் விற்றார்கள், அந்த இடத்திலிருந்து சீனு மீட்டான். அவன் நல்லவன், மறுக்கவில்லை. ஆனால் குணமாகித் தன் பெயர், தன் அப்பா அம்மா, தன் வயது எல்லாம் திரும்பக் கிடைத்து அவள் வீட்டுக்குப் போகிறாள். என் வார்டில் இது நடந்தால் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்போம். படம் பிளாட்பாரத்தில் நிற்பவனோடு நம்மையும் நிறுத்திவிட்டதால், ரயிலுக்குள் இருக்கும் சந்தோஷம் நமக்குத் துரோகம் போலத் தெரிகிறது.

உங்கள் ஏழாம் அங்கம் இந்தப் படத்துக்கு ஒட்டாது. சகுந்தலை தெரிந்தே மணந்தவள். இவள் குழந்தை மனதோடு இருந்த காலத்தில் ஒருவன் அவள்மேல் ஆசை வளர்த்தான். நாளைக்கே எல்லாம் நினைவு வந்தாலும் அவள் நன்றி சொல்லலாம், கை பிடித்து அழலாம், கூடவே வந்து வாழ வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

#16 ஓய்வுத்தமிழ்

சொல்ல முடியாதுதான். ஆனால் சீனு அப்படிக் கேட்டதாகவும் படத்தில் இல்லையே அம்மா. அந்தக் காட்சியில் "என்னோடு வா" என்கிறானா, "என்னைத் தெரிகிறதா" என்கிறானா? இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள், நானும் பார்க்கிறேன்.

#17 நர்ஸ்_அக்கா

பார்க்கிறேன். இந்த வாரம் எனக்கு நைட் டியூட்டி, ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். அதுவரை இழையை யாரும் பூட்டிவிடாதீர்கள்.